றஸீன் நானாவின் சப்பாத்து வவுச்சர்

தை மாதம், செவ்வாய் இரவு

இன்று வகுப்பில், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்க அரசாங்கம் தரும் வவுச்சரைப் பெற்றோருக்குக் கொடுத்தேன். இடம்பெயர்ந்து போய் முல்லைத்தீவுக்கே திரும்பி வந்து சப்பாத்துக் கடை போட்டிருக்கும் றஸீன் நானா, மகளுக்காகக் கையெழுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"ரீச்சர், இதை என்ர கடையில மாத்தேலாதோ?"

அவர் விற்பது வெளிநாட்டுச் சப்பாத்து. இந்த வவுச்சருக்கு இலங்கையில் செய்ததைத்தான் வாங்கலாம்.

"ஏலாது நானா. நாட்டு உற்பத்தியைக் காப்பாத்த வேணுமெல்லோ," என்றேன், சுற்றறிக்கையை ஒப்பிப்பதுபோல.

"காப்பாத்துங்கோ. நாங்களும் இந்த நாட்டு ஆக்கள்தானே," என்று தலையைக் குனிந்தார்.

என் காலில் போன கிழமை அவரிடம் வாங்கிய வெளிநாட்டுச் செருப்பு. வெட்கத்தில் காலைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"செருப்புக் கடிக்குதோ ரீச்சர்?" என்றார். "கொண்டு வாங்கோ, மாத்தித் தாறன்."