மறுமுழக்கம் முந்திய முரசுடன்படிக்கை

கார் பொய்யாத மேலேந்தல் நாடு நீடு நிலைபெறுக. அந்நாட்டு மன்னரின் பேரமைச்சரும் அஞ்சல்முரசுக் கோபுரங்கள் அனைத்தையும் மேற்பார்ப்பவருமாகிய மாதவராயர் திருமுன்பு, சென்ற ஆண்டு வெள்ளத்தில் மறைந்த கீழ்க்கரைக் கோட்டத் தலைவர் சேந்தன் கூத்தரின் மனைவியும், அவருக்குப் பின் அக்கோட்டத்தின் பொறுப்பை ஏற்றவளுமாகிய உமையாழ்வி வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குடியும் கோயிலும் நலம் பெறுக. எங்கள் நலம் மழையின் கையில் இருக்கிறது.

முரசுக் குழுவாரோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிக்க எம் முத்திரை வேண்டித் தாங்கள் அனுப்பிய படியைக் கண்டோம். பழைய வாசகம் அதில் ஓர் எழுத்தும் மாறாதிருக்கிறது.

அதன்படி, எம் ஊருக்கு மேலேயுள்ள ஏரியின் கரைக்கு ஆபத்து என்றால் முழக்கம் அங்கிருந்து கோபுரம் கோபுரமாக எம் ஊர் வந்து சேரவேண்டும். கேட்ட கோபுரம், ஒரு வெற்றிலை மடிக்கும் பொழுதுக்குள், கேட்டோம் என்று பின்னோக்கி மறுமுழக்கம் செய்யவேண்டும். தவறினால் அக்கோபுரக் காவலரின் மானியநிலம் பறிபோகும். முன்னோக்கி முழங்குவதற்கோ காலவரை ஏதும் எழுதப்படவில்லை. கேட்டவன் சொல்லாமலா இருப்பான் என்று எழுதியவர்கள் எண்ணியிருக்கக்கூடும்.

மழைநாளில் முரசுத்தோல் தளர்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சினால் ஒருமுறை முழங்கும் அளவுக்கே விறைப்பு நிற்கும். பிறகு மீண்டும் காய்ச்சவேண்டும். கரை உடைந்த அன்று ஒவ்வொரு கோபுரத்திலும் முதற்சூடு மறுமுழக்கத்துக்கே செலவாயிற்று; முன்முழக்கம் தோல் மீண்டும் காயும்வரை காத்திருந்தது. நிலத்தை இழக்க அஞ்சியவர்களை நான் குறைகூறேன்.

என் கணவர் துறைத்தெருவில் நெல்மூட்டைகளை மேட்டுக்கு ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாளிகை மேல்தளத்தில் நின்றிருந்தேன். தண்ணீர் தெருவுக்குள் நுழைந்த பிறகே எங்கள் கோபுரம் முழங்கியது. அவர் ஓசை வந்த திசையை நிமிர்ந்து பார்த்தார். அதற்குமேல் நினைவில் உள்ளதை எழுதக் கூடவில்லை.

ஆய்ந்த அதிகாரிகள் குற்றமொன்றும் காணாமல், குழுத்தலைவர் வயிரமேகருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். துக்கம் கேட்க வந்த அவரோ, ஒரு கோபுரமும் சொல் தவறவில்லை என்றும், வெள்ளம் தம்மோடு உடன்படிக்கை எழுதிக்கொள்ளவில்லையே என்றும் கூறிச் சென்றார்.

இப்போது ஏரி மறுபடியும் நிரம்புகிறது. இடி இடித்தாலும் முரசோ என்று மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நானும் ஓடினேன். ஆயினும் ஓசையே இல்லாத பொழுதுகளுக்குத்தான் மிகவும் அஞ்சுகிறேன். மேலே எந்தக் கோபுரத்தில் தோல் காய்ந்துகொண்டிருக்கிறதோ அறியேன்.

ஆதலால், முதற்சூடு முன்முழக்கத்துக்கே உரியது என்றும், கரையில் எழுந்த முழக்கம் எம் ஊரார் காதில் விழும்வரை ஆகும் முழுப்பொழுதே அளவை என்றும், அது தவறினால் தனிக்காவலர் அன்றிக் குழு முழுதுமே பொறுப்பு என்றும் திருத்தி எழுதவேண்டும். அதுவரை உடன்படிக்கையில் எம் முத்திரை விழாது. எம் எல்லைக்குட்பட்ட இரு கோபுரங்களுக்கும் இன்றே இவ்விதி ஆணையாயிற்று. மறுமுழக்கம் தாமதித்ததென்று அவர்கள் நிலத்தில் கைவைப்பவர் எம் ஆணையை மீறியவராவர். மற்றக் கோபுரங்கள் பேரமைச்சராகிய தங்கள் சொல்லுக்கே கட்டுப்பட்டவை.

கோட்டத்தின் முத்திரை மோதிரம் என் கணவர் விரலோடு போயிற்று. அவர் இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே அரக்கில் என் பெருவிரலை அழுத்தியிருக்கிறேன். இதைக் கொண்டுவருபவர் நீந்தத் தெரிந்தவர். விடையை அவர் கையிலேயே கொடுத்தனுப்புக.