கடலைப் பார்த்த அறையில் ஒரு சாட்சி

அப்பா,

சுண்ணாம்பு வாசனைதான் உங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த பழைய பங்களா ஒன்றை இப்போது தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். என் மகன் அங்கே இரண்டு அறை எடுத்திருந்தான். புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். காயாத சுண்ணாம்பும் உப்புக் காற்றும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் என் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. உயரமான கூரை, கடல் பக்கம் திறக்கும் மூன்று கதவுகள், கட்டம் போட்ட தரை. இந்த அறையில்தான் நீங்கள் பொய் சொன்னீர்கள்.

நீங்கள் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். அதனால் இத்தனை வருடம் உங்களைப் பற்றி நான் யாரிடமும் பேசவே இல்லை.

என் மருமகள் ஊர் வாசலைப் படமெடுத்தாள், கோட்டையைப் படமெடுத்தாள், கடல் அரித்த கோயிலைப் படமெடுத்தாள். என்ன அழகான ஊர் அத்தை, இவ்வளவு பக்கத்தில் பிறந்துவிட்டு ஏன் எங்களை ஒரு தடவைகூடக் கூட்டி வரவில்லை என்று கேட்டாள். அழகான ஊர்தான். நம் கிராமம் அங்கிருந்து நாலு மைல். மழை பெய்தால் நம் தெருவில் முழங்கால் சேறு. இங்கே தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராகப் போய்க் கடலில் முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து இங்கே கூட்டி வருவீர்கள். "பொறந்தா இந்த மாதிரி ஊர்ல பொறக்கணும்" என்பீர்கள். அதை ஆசை என்று நினைத்திருந்தேன். பொறாமை என்று பின்னால்தான் தெரிந்தது.

உங்களுக்கும் செல்லக்கண்ணு சித்தப்பாவுக்கும் ஒரே வரப்பு. அவர் நமக்கு ரத்த உறவில்லை, பக்கத்து வீடு. இரண்டு பேருக்கும் ஆறு ஆறு மா, அதாவது இரண்டிரண்டு ஏக்கர் நிலம், ஒரே மிராசுதாரிடம் வாய்ப்பேச்சுக் குத்தகை, எந்தக் காகிதமும் கிடையாது. ஒரே மதகில் தண்ணீர் பாய்ந்தது. நம் நடவுக்கு அவர் மனைவி வருவார், அவர்கள் நடவுக்கு அம்மா போவாள். அவர் மகள் மாரியம்மாளும் நானும் ஒரே வயது. நாற்றுக்கட்டு சுமக்கும்போது யார் முதலில் வரப்பில் வழுக்கி விழுவது என்று எங்களுக்குள் போட்டி.

குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் தெருத் தெருவாக வந்து மனு எழுதிக் கொடுத்தார்கள். மிராசுதார் அதற்குள் ஆளுங்கட்சிக் கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு மேடையில் உழைப்பாளிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். செல்லக்கண்ணு சித்தப்பா சங்கத்தில் இருந்தார். கூலி உயர்வுக்காக ஊர்வலம் போனவர். நீங்கள் சங்கத்துக்கும் போக மாட்டீர்கள், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டீர்கள். இரண்டு பேரும் மனு கொடுத்தீர்கள். அவருக்கு நீங்கள் சாட்சி, உங்களுக்கு அவர் சாட்சி என்று பேச்சு.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு மிராசுதார் உங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்து கை கால் கழுவினீர்கள். சாப்பிட்டுவிட்டு, ஊரோட ஒத்துப் போவணும் என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள்.

அது வைகாசி கடைசி. தரங்கம்பாடியில் இந்தப் பங்களாவில் அதிகாரி முகாம் போட்டிருந்தார். என் பள்ளிக்கூட விஷயமாகவும் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனீர்கள். எனக்குப் பதினைந்து வயது. கதவோரம் நின்றேன்.

முதலில் உங்கள் மனு. செல்லக்கண்ணு சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு, இவர்தான் உழுகிறார், நான் கண்ணால் பார்க்கிறேன் என்று சாட்சி சொன்னார். மிராசுதாரின் ஆள் மறுக்கவில்லை. அது முடிந்ததும் செல்லக்கண்ணு சித்தப்பாவின் மனுவை எடுத்தார்கள். அந்த நிலத்தை உழுவது யார் என்று அதிகாரி உங்களைக் கேட்டார்.

"ஐயா பண்ணைதாங்க உழுவுது. செல்லக்கண்ணு கூலிக்கு வர்ற ஆளுங்க. குத்தகையெல்லாம் கெடையாதுங்க."

அதிகாரி, யோசித்துச் சொல்லும்படி இன்னொரு முறை கேட்டார். நீங்கள் அதையே சொன்னீர்கள், வார்த்தை மாறாமல். செல்லக்கண்ணு சித்தப்பா கோபப்படவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறீர்களோ என்று சந்தேகப்பட்டவர் போல உங்கள் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுண்ணே."

நீங்கள் கடலைப் பார்த்தீர்கள்.

வெளியே வந்ததும் எனக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தீர்கள். குடித்தேன். குடிக்கும்போதுதான் உங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினீர்கள். விடுதியோடு சேர்ந்த பெண்கள் பள்ளியில் எனக்கு இடம் கொடுக்கும்படி மிராசுதார் கைப்பட எழுதிய சிபாரிசுக் கடிதம். உள்ளே போகும்போதே அது உங்கள் பையில் இருந்திருக்கிறது.

பயத்தில் சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். அந்த வருடங்களில் பயப்படக் காரணம் இருந்தது. கூலி கேட்டவர்களை அடித்தார்கள், குடிசைகள் எரிந்தன, போலீஸ் வேன் வயலோரமே நின்றது. ஆனால் பயந்தவன் பையில் சிபாரிசுக் கடிதம் இருக்காது. நீங்கள் விலை பேசிவிட்டு வந்திருந்தீர்கள்.

அன்று அம்மா உங்கள் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள். ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது மிராசுதாரின் டிராக்டர் செல்லக்கண்ணு சித்தப்பாவின் ஆறு மாவில் இறங்கியது. அவர் பொய் மனு கொடுத்தவர் என்று உத்தரவில் எழுதியிருந்ததாம். வரப்பில் நின்று பார்த்தார். அதே தண்ணீரில் இந்தப் பக்கம் நீங்கள் நாற்றங்காலுக்கு விதை தெளித்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த வாரம் அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். வேதாரண்யத்தில் உப்பளத்து வேலை. மாரியம்மாள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நான் அதற்குள் விடுதிக்குப் போயிருந்தேன்.

நான் படித்தேன். அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக முப்பது வருடம் வேலை பார்த்தேன். நீங்கள் பஞ்சாயத்தில் உறுப்பினர் ஆனீர்கள், கல்யாணப் பத்திரிகைகளில் உங்கள் பெயர் வந்தது. ஒரே ஒரு முறை, நீங்கள் படுக்கையில் கிடந்தபோது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். நீங்கள் வெட்கப்படுவீர்கள் என்று எதிர்பார்த்த என்னை என்ன சொல்வது.

"ஒன்னயத்தானே படிக்க வச்சேன். எனக்கா செஞ்சிகிட்டேன்?"

இரண்டு நாளில் செத்துப்போனீர்கள்.

நேற்று அந்த அறையில் என்னால் உட்கார முடியவில்லை. மகனிடம் நம் கிராமத்துக்குப் போகச் சொன்னேன். தெருவில் விசாரித்ததில் மாரியம்மாளின் போன் நம்பர் கிடைத்தது. இன்று காலை வேதாரண்யம் போனோம். பிள்ளைகளைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

அவள் தலை முழுக்க நரைத்திருக்கிறது. உப்பில் நின்று நின்று பாதம் வெடித்திருக்கிறது. வா என்றாள், உட்கார் என்றாள், தண்ணீர் கொடுத்தாள். சிரிக்கவில்லை. செல்லக்கண்ணு சித்தப்பா போய் ரொம்ப வருடமாம். நான் உங்களைத் திட்ட ஆரம்பித்தேன். எனக்குள் இருந்ததையெல்லாம் கொட்டினேன். பின்னால் நீங்கள் விலைக்கு வாங்கிய அந்த ஆறு மா இப்போது என் பெயரில் இருக்கிறது, அதை எழுதிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஒங்க நெலம் எங்களுக்கு எதுக்கு? நாங்க கேட்டது எங்க நெலம்" என்றாள். தண்ணீர்ச் சொம்பை ஓரமாக நகர்த்திவிட்டு, "எங்கப்பா சாவுற வரைக்கும் ஒங்கப்பாவ ஏசுனதில்ல. அந்தப் புள்ளையும் கதவோரம் நின்னுச்சு, அதுவும் வாயத் தொறக்கலன்னு மட்டும் சொல்லுவாரு" என்றாள்.

நீங்கள் சொன்ன பொய்யைத்தான் நான் இத்தனை வருடம் வெறுத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் உண்மை தெரிந்த இன்னொரு ஆள் நான் என்பதை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சின்னப் பெண்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வயதில் மாரியம்மாள் உப்பளத்தில் வேலைக்கு இறங்கிவிட்டாள்.

அவளே உள்ளே போய்ப் பேரனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். "நடந்தத எழுதிக் குடு. கோர்ட்டுக்குப் போவல. எங்கப்பா பொய் மனு குடுத்த ஆளு இல்லன்னு எம் பேரன் படிச்சித் தெரிஞ்சிக்கணும்."

எழுதினேன். நிலம் எது, எத்தனை மா, யார் உழுதார், யார் நட்டார், அறையில் யார் என்ன சொன்னார், நான் எங்கே நின்றேன், என்ன பேசாமல் இருந்தேன். உங்கள் பெயரை முழுதாக, ஊரோடு சேர்த்து எழுதினேன். கடைசியில் சாட்சி என்று போட்டுக் கையெழுத்திட்டேன். பள்ளிக்கூடத்தில் பழகிய கையெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகும் நான் அதை மாற்றவில்லை. முதலில் உங்கள் பெயரின் எழுத்து, ஒரு புள்ளி, அதற்குப் பிறகுதான் நான்.

மாரியம்மாள் தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். கையெழுத்தில் விரலை வைத்து, முன்னால இருக்கிற இந்த எழுத்து யாரு என்று கேட்டாள்.

எங்கப்பா என்றேன்.