இடது தோள் தையல்

நவம்பர் 4, செவ்வாய்

கடையில் இன்று முழுக்க பேண்ட் நீளம் குறைக்கிற வேலை. கழுத்து ஒடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் அண்ணன் சோபாவில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறார், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே அவருடைய பழைய மழை ஜாக்கெட்.

"கேப்டனுக்குக் கொண்டு வந்தேன்."

கேப்டன் என்றால் என் மகள். வேலை கிடைத்துவிட்டதாம். எந்த வேலை? அண்ணன் ஓய்வு பெறும்வரை பார்த்தாரே, அதே பைலட் படகு. பெரிய கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட்டைக் கடலுக்குள் கூட்டிப்போய் விடவேண்டும். கப்பல் நிற்காது. ஓடுகிற கப்பலின் பக்கத்தில் கயிற்று ஏணி தொங்கும். அவர் அதில் தொற்றி ஏறும்வரை படகின் மேல்தட்டில் நின்று ஒரு கையால் அவரையும் இன்னொரு கையால் கம்பியையும் பிடித்துக்கொள்வதுதான் இவள் வேலை. இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு!

மாமாவும் மருமகளும் எனக்குத் தெரியாமல் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் வைத்தது ரிப்பேர் வேலை மட்டும். "நீ கை வெச்சா சரியாயிடும்மா" என்று ஐஸ் வேறு வைக்கிறார். ஆபீஸில் ஜாக்கெட் கொடுக்க ஆறு மாசம் ஆகுமாம். புதுசு வாங்கித் தருகிறேன் என்றேன். "எனக்கு மாமாவோடதுதான் வேணும்." அப்பன் பிடிவாதம் அப்படியே. அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தும் பிடிவாதத்தை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

நவம்பர் 6, வியாழன்

பையைத் திறந்ததும் பூஞ்சை நாற்றம் குப்பென்று அடித்தது. துணி கெட்டி, அதில் குறை சொல்ல முடியாது. தையல்களுக்கு உள்பக்கம் தண்ணீர் புகாமல் ஒட்டியிருந்த பட்டைதான் நார் நாராக உரிந்து தொங்குகிறது. ஜிப் உப்புப் பூத்து இறுகிப்போயிருக்கிறது.

உதவி செய்கிறேன் பேர்வழி என்று மகள் சோப்புத்தூளோடு வந்தாள். பிடுங்கி வைத்தேன். தூள் போட்டால் அப்புறம் துணி தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், லேசான சோப்பு, மெத்தென்ற துணியால் துடைப்பு. அவ்வளவுதான்.

ஒருபக்கம் திட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அதைக் கழுவினேன். எனக்கென்ன பைத்தியமா?

நவம்பர் 9, ஞாயிறு

பழைய டூத் பிரஷ்ஷால் ஜிப்பின் பல்லெல்லாம் தேய்த்து, மெழுகுவர்த்தியை மேலும் கீழும் உரசினேன். முக்கி முனகி ஒருவழியாக நகர்ந்தது. மகள் போட்டுப் பார்த்தாள். கை நீளம், விரலே தெரியவில்லை. கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் அடித்தாள். சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு அடுப்படிக்குப் போய் அழுதேன். எனக்கு இருக்கிறது இவள் ஒருத்தி. இவளுக்கு ஒன்று ஆனால்? வேண்டாம், எழுத மாட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பழைய பட்டையை எல்லாம் உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தையல் தையலாகப் பசை பூசினேன். சின்ன பிரஷ், ஒரே சீராக. நாளைக்குள் காய்ந்துவிடும்.

நவம்பர் 12, புதன்

அவள் வெளியே போயிருந்தாள். ஜாக்கெட்டுக்குள் செய்தித்தாளைத் திணித்து, குளியலறையில் ஷவருக்குக் கீழே தொங்கவிட்டேன். நிறைய நேரம். வெளியே எடுத்துப் பிரித்தால் பேப்பரெல்லாம் மொரமொரவென்று காய்ந்தே இருக்கிறது — இடது தோளில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தையல் வளைகிற இடத்தில் பசை பிடிக்கவில்லை.

ட்யூபில் பாதிப் பசை மிச்சம் இருக்கிறது. இன்னொரு தடவை பூசினால் முடிந்தது.

பூசவில்லை.

பேப்பரைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, ஜாக்கெட்டைக் கொடியில் மாட்டினேன். வந்ததும் "எப்படிம்மா?" என்றாள். "பொட்டுத் தண்ணி இறங்கல" என்றேன். முகத்தைப் பார்த்துச் சொன்னேன். எப்படித்தான் சொன்னேனோ.

நனையட்டுமே. ஒரு நாள் தொப்பலாக நனைந்து, குளிரில் நடுங்கி, தும்மிக்கொண்டு வந்து "போதும்மா, இந்த வேலை சரிப்படாது" என்று சொல்லட்டும். மிஞ்சிப்போனால் ஒரு ஜலதோஷம். அதற்கு மேல் என்ன வந்துவிடும்?

நவம்பர் 13, வியாழன்

இன்றும் பூசவில்லை. ட்யூப் டிராயரில்தான் இருக்கிறது.

நவம்பர் 15, சனி

திங்கட்கிழமை முதல் டியூட்டி. வானம் இப்போதே கறுத்துக் கிடக்கிறது. அவளோ கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி பையை அடுக்குகிறாள், பிரிக்கிறாள், திரும்ப அடுக்குகிறாள். டிராயர் பக்கம் போனேன், திரும்பி வந்தேன். என் பெண் என் கூடவே இருக்கணும்னு நினைக்கறது தப்பா? தப்புன்னா தப்பாவே இருக்கட்டும்.

நவம்பர் 17, திங்கள், மதியம்

மனசு ஒரு நிலையில் இல்லை. எழுதினாலாவது அடங்குமா பார்க்கிறேன்.

அவள் கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. காற்று ஜன்னலை உடைக்கிற மாதிரி அடிக்கிறது. அண்ணன் வந்தார், டீ போட்டுக் கொடுத்தேன். எப்போதும்போல இடது கையால் வாங்கினார். வலது கையில் ரெண்டு விரல் மடங்காது. கதவில் நசுங்கியது என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று சொல்கிறார்: "கதவும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன்னை பயமுறுத்த வேண்டாம்னு அப்படிச் சொன்னேன். அப்போ ஒரு ஓட்டை ஜாக்கெட் வெச்சிருந்தேன். தோள்ல இறங்கற தண்ணி கை வழியா விரலுக்கு வரும். விறைச்சுப் போச்சுன்னா கம்பியைப் பிடிச்சிருக்கோமா இல்லையான்னே தெரியாதும்மா. வழுக்கிட்டேன். படகுக்கும் ஏணிக்கும் நடுவுல கை. போனது விரலோட போச்சு. அதுக்கப்புறம்தான் இந்த ஜாக்கெட்டையே வாங்கினேன். அதான் கேப்டனுக்கு இதையே குடுத்தேன். நீ வேற சரி பண்ணியிருக்கே, எனக்குக் கவலையே இல்ல."

அவர் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. டியூட்டியில் போன் லாக்கரில் இருக்குமாம். திரும்பத் திரும்பப் போட்டேன்.

நானே என் கையால — ஐயோ, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்! துறைமுகத்துக்குப் போகிறேன்.

அன்றே, சாயங்காலம்

துறைமுக கேட்டில் உள்ளே விடவில்லை. காவலாளி நல்ல மனுஷன், கூண்டுக்குள் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். உட்கார முடியவில்லை. வெளியேதான் நின்றேன். குடை எப்போதோ திரும்பிக்கொண்டு போய்விட்டது.

வந்தாள். முகமெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் பல். "அம்மா! நீ எங்க இங்க? இப்படி நனைஞ்சிருக்கே!"

அவள் ஜிப்பை இறக்கி, இடது தோளுக்குள் கையை விட்டேன். காய்ந்திருந்தது. கழற்றி எடுத்து உள்பக்கம் திருப்பினேன். தையல் மேல் பசை திட்டுத்திட்டாக, கோணல்மாணலாக. நடுவில் ஒரு விரல் ரேகை. அது என் வேலை இல்லை.

"உன்னளவுக்கு நீட்டா வரலம்மா" என்றாள். "குப்பை கொட்டப் போனப்போ பேப்பர் ஈரமா கிடந்துச்சு. ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், இடது தோள்ல பசை பிடிக்கல. ட்யூப் டிராயர்ல இருந்துச்சு."

"ஏன்டி என்கிட்ட கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்."

அந்த மழையில், காவலாளி பார்க்கப் பார்க்க, அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். பயமா இருந்துச்சுடி, அதான்டி என்றேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "எனக்கும்தாம்மா" என்றாள்.

நவம்பர் 18, செவ்வாய்

ஜலதோஷம். எனக்கு.

நவம்பர் 25, செவ்வாய்

காலை ஷிஃப்ட். நல்ல மழை. நேற்றே அவளை ஜாக்கெட்டோடு ஷவருக்குக் கீழே நிற்க வைத்து, தோள் தோளாகத் தடவிப் பார்த்தாயிற்று. அவளுடைய கோணல் பசையைப் பிரித்துப் புதிதாகப் பூசலாமா என்றேன். அது இருக்கட்டும் என்றாள். இரண்டு கையையும் உயர்த்தச் சொல்லி, நீளமான கையை மணிக்கட்டுவரை மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது விரல் பத்தும் தெரிகிறது.

வாசலில் ஜிப் பாதியில் நின்றது. "நில்லுடி" என்று நானே கழுத்துவரை இழுத்துவிட்டேன்.