நான் நிறுத்திய இருமல்

அன்பு மகளுக்கு, உன் சித்தப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை இருவரில் ஒருவர்தான் சுகம், அது நான். எனக்கென்ன, இந்த வயதிலும் ஆஸ்பத்திரியின் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறுகிறேன், வாசலில் நிற்கும் வாட்ச்மேன் வாயைப் பிளக்கிறான். உன் அப்பா ஒன்பது நாளாக அந்த மூன்றாம் மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். ஏன் வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் நீ முழுதாகக் கேட்க மாட்டாய்.

இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவருக்கு எச்சில் விழுங்கினாலும் இருமல் பொத்துக்கொண்டு வருமே, நினைவிருக்கிறதா. நீ போன் செய்வாய், உன் பேரைச் சொல்ல வாயெடுப்பார், அதற்குள் இருமல் பிடித்துக்கொள்ளும். ஐயோ சித்தப்பா, என்னால இதைக் கேக்க முடியல, முதல்ல அந்த இருமலை நிறுத்துங்க, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுவாய். அவர் போனைக் காதை விட்டு எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். அண்ணே, லைன் கட்டாயிடுச்சு என்பேன். ஒவ்வொரு தடவையும் அதே பொய்தான். சரி, நிறுத்திக் காட்டுவோம் என்று கிளம்பினேன், நான் கையில் எடுத்த காரியம் எது முடியாமல் போயிருக்கிறது? மருந்துக் கடைக்காரன் டாக்டர் சீட்டு கேட்டான். தம்பி, முப்பது வருஷம் லேத் ஓட்டினவன் நான், நுரையீரல்னா என்ன, ஒரு பம்பு, வால்வுல கோளாறு, அவ்வளவுதானே என்று ஒரு பிரசங்கம் செய்தேன், கடையில் நின்ற கூட்டம் கை தட்டாத குறை. இருமலை அடக்கும் மருந்து ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்துவிட்டான். ஒரு மூடி என்று எழுதியிருந்தது, நான் இரண்டு மூடி ஊற்றினேன். மூன்றாம் நாள் இருமல் போன இடம் தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமைதான் நீ பதினோரு நிமிஷம் பேசினாய். அவர் டீ குடித்துக்கொண்டே கேட்டார், ஒரு கனைப்புக்கூட இல்லை. சித்தப்பா, நீங்க பெரிய ஆளுதான் என்றாயே, அதை இந்தத் தெருவில் நான் சொல்லாத வீடு இல்லை.

அந்த டீ வயிற்றுக்குப் போகவில்லையம்மா. விழுங்கப் பழக்குவதற்கென்று இங்கே ஒரு பெண் வருகிறாள், வயது உன் வயதுதான், வாய் மட்டும் மாமியார் வாய். அவள்தான் சொன்னாள். தொண்டைக்குக் கீழே இரண்டு வழியாம், சாப்பாட்டுக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று. மூச்சு வழியில் ஒரு சொட்டு தவறி இறங்கினாலும் உடம்பு யாரையும் கேட்காமல் இருமித் தள்ளிவிடுமாம். தூசி வந்தால் இமை மூடுகிற மாதிரி, சூடு பட்டால் கை பின்னால் போகிற மாதிரி. மூளைக்குச் செய்தி போய்ச் சேருமுன்பே முதுகுத்தண்டு கையை இழுத்துவிடும், வலி அப்புறம்தான் தெரியுமாம். எனக்கேவா என்று என் கதையை எடுத்துவிட்டேன். லேத்திலிருந்து பழுக்கக் காய்ந்த இரும்புத் துணுக்கு பறந்து வந்தபோது நான் பார்ப்பதற்குள் இமை மூடி, துணுக்கு இமையிலேயே பட்டுத் தெறித்தது, இது கண்ணா இரும்புக் கதவா என்று முதலாளியே கேட்டார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அது உங்க சாமர்த்தியம் இல்ல சார், எலிக்கும் அப்படித்தான் மூடும். உங்க அண்ணனுக்கு இருந்த ஒரே காவல்காரன் அந்த இருமல்தான், அவனைத் தூங்க வச்சுட்டுக் கதவைத் திறந்துவிட்டிருக்கீங்க என்றாள்.

பழியை உன் தலையில் கட்டவில்லை, ஊற்றியது என் கை. ஆனாலும் மகளே, சூடு பட்டால் கையை இழுப்பது யோசிக்காமல் நடப்பது, அதில் குற்றமில்லை. இழுத்த கையை மறுபடி நீட்டலாமா என்று யோசிக்க மனுஷனுக்கு நேரம் உண்டு. உனக்கு இரண்டு வருஷம் இருந்தது.

நேற்றுக் காலை அந்தப் பெண் கரண்டி நுனியில் துளித் தண்ணீர் விட்டாள். கட்டில் குலுங்க இருமினார். பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நன்றாக இரு, நீண்ட ஆயுளோடு இரு, வேளைக்குச் சாப்பிடு, சாப்பிடும்போது பேசாதே. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனை அவர் காதில் வைப்பேன். மூக்கில் குழாய் இருப்பதால் பேச்சு சரியாக வராது, இருமத்தான் செய்வார். முடிகிற வரை கேள். லைன் கட்டாகிவிட்டது என்று இனிமேல் நான் அவரிடம் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
பெரிய ஆளாகிய உன் சித்தப்பா