நிலவுத் தூசியும் நொச்சிப் பால்மமும்

நாள் 40. காலை.
நான் பூங்கோதை. நிலவின் தென்துருவப் பனிச் சுரங்கத்தில் மருந்து வேதியியலாளர். விண்ணுடைகளில் ஒட்டி உள்ளே வரும் இங்குள்ள தூசி கண்ணாடித் தூள் போன்றது. தோண்டுபவர்களின் நுரையீரல் வீங்குகிறது. பசுமைக்கூடத்து நொச்சி இலைச் சாற்றை எண்ணெயில் ஏற்றி, நீரும், இரண்டையும் பிரியாமல் பிணைக்கும் பால்மமாக்கியும் சேர்த்து, மீயொலிக் கருவியில் அடித்தேன். வெண்மை மறைந்து தெளிந்துவிட்டது. துளிகள் அவ்வளவு நுண்மை. ஆவியாக இழுத்தால் நுரையீரலின் அடிவரை போகும்.

நாள் 47. மதியம்.
வீக்கம் வடிகிறது. முதலில் இழுத்தவர் துளைப்பான் ஓட்டும் இசக்கி. படுத்துத் தூங்க முடிகிறது என்றார். மேற்பார்வையாளர் எபனேசர், இருமல் நின்றவர்களுக்கு இரட்டை ஷிப்ட் போட்டுவிட்டார்.

நாள் 63. காலை.
எல்லோரையும் ஸ்கேன் செய்தேன். வீக்கம் இல்லை. ஆனால் தூசி உள்ளே படிந்து நுரையீரல் இறுகுகிறது. வலி தெரியாததால் முன்பைவிட அதிகத் தூசியை இழுக்கிறார்கள். வேலையை நிறுத்தக் கேட்டேன். எபனேசரின் பதில்:
"மருந்து செய்யத்தான் ஒங்கள அனுப்பிருக்கு. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

நாள் 64. மாலை.
தயாரிப்பை நிறுத்தினேன். மிச்சம் ஒரே குடுவை. நான் எனக்காகப் பதுக்குவதாக ஒலிபெருக்கியில் சொன்னார் எபனேசர். ஆய்வகக் கதவை வெளியே பூட்டிவிட்டார்கள். மருந்து கொடுக்கும், காற்றுப் புகாத இரட்டைக் கதவுச் சிறு சாளரம் மட்டும் என் பக்கம் திறக்கும்.

நாள் 66. காலை.
அவர்களுக்கு வீக்கம் திரும்பிவிட்டது. வெளியே இசக்கி, ஆய்வகத்துக்கு வரும் காற்றுக் குழாயின் வால்வில் கை.
"டாக்டரம்மா, அது இல்லாம மூச்சு நிக்குது. குடுத்திருங்க. இல்லன்னா ஒங்க காத்த அடைப்பேன்."
குழிக்குப் போகாதவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்றேன்.
"போகலன்னா எபனேசரு எங்க காத்த அடைப்பாரே."

நாள் 66.
வால்வை அடைத்துவிட்டார். தலை கனக்கிறது. கொடுத்தால் இன்றே குழிக்குள் இறங்குவார்கள். இறங்கிச் சாவார்கள், வலியில்லாமல். என் மருந்தால்.

குடுவையை அடுப்பில் வைத்தேன். கண்ணாடி வழியே எல்லோரும் பார்த்தார்கள். கொதித்தது. எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிட்டது. இனி உதவாது.

மருந்து இல்லை, இனி ஓய்வெடுப்பார்கள் என்று நினைத்தேன்.

இசக்கி வால்விலிருந்து கையை எடுத்தார். திறக்கவில்லை. தலைக்கவசத்தை மாட்டுகிறார். எல்லோரும் வரிசையாக, இருமிக்கொண்டே, குழிக்குப் போகிறா—