முளைக்காத தட்டு

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். போனில் என்றால் என்னைப் பேசவே விடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். திட்டுவதானாலும் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு.

தடுப்பூசி போட்ட பத்து எலிகளும் பிழைத்ததும், "பாத்தியாடி, ஒண்ணுகூடச் சாகல!" என்று என்னைக் கட்டிக்கொண்டாயே. தடுப்பூசியைச் சோதிக்க அவற்றுக்கு நான் ஏற்றிய நோய்ப் பூஞ்சைக்கே உயிர் இல்லை என்று நினைக்கிறேன். வழக்கம்போல ஊசியில் மிஞ்சியதை, உயிர் இருக்கிறதா என்று பார்க்க வளர்ப்புத் தட்டில் தேய்த்து வைத்தேன். மூன்று நாளாகியும் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. பயந்துபோய்த் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, உன்னிடம் மூச்சு விடவில்லை. தடுப்பூசி போடாத எலிகளுக்கு முந்தின நாள் ஏற்றியது நன்றாக முளைத்தது. அவைதான் செத்தன.

உன் தங்கை

மார்ச் 9

சின்னக்குட்டி,

தட்டில் ஏதோ கோளாறு, அவ்வளவுதான். இருபதாம் தேதி இங்கே அனுமதிக் குழு கூடுகிறது. மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கிடைக்கிற நேரத்தில் குட்டையைக் குழப்பாதே. புற்றுநோயிலிருந்து தப்பித்த உன் அத்தான், ரத்தத்தில் ஏறிய பூஞ்சையால் ஒன்பதே நாளில் போனார். நீயும்தானே பக்கத்தில் இருந்தாய்? அந்தப் பூஞ்சையின் ஒரே ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடுப்பூசிக்காக எட்டு வருஷம் மாரடித்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு இரு.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 14

அக்கா,

தட்டில் கோளாறு இல்லை. பூஞ்சைக் குழாயை வெந்நீர்த் தொட்டியில் வைத்து மறந்தது நான்தான். குழுவுக்கும் எழுதிவிட்டேன். வேலையை விட்டு அனுப்பு, என்னோடு பேசாமல் இரு, எதுவானாலும் சரி. அத்தானைச் சொல்லி என் வாயை அடைக்காதே. எனக்கும் வலிக்கிறது.

தங்கை

மார்ச் 21

சின்னக்குட்டி,

குழுத் தலைவர் உன் கடிதத்தை மேசைமேல் எடுத்து வைத்தார். அவர் வாய் திறப்பதற்குள் நானே வாங்கி, எழுந்து நின்று படித்தேன். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அறைக்கு வந்து ஒரு பாட்டம் அழுதேன். உன்மேல் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் நீ சொல்லாமல் விட்டிருந்தால், உன் அத்தானைப் போலப் படுத்திருக்கும் யாரோ ஒருவரிடம், "பயப்படாதீங்க, இது உங்களக் காப்பாத்தும்" என்று சொல்லி, அந்த ஊசியை நானே போட்டிருப்பேன்.

அன்றே என்னிடம் வந்து சொல்ல ஏன் பயந்தாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

புது எலிகளுக்குச் சொல்லியாயிற்று. திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன். நீ வருவாயா?

அக்கா