கீழ்வீட்டு வைஃபையின் பெயர்

ஜனவரி 13, திங்கள்

காலையில் அத்மான் மஹம்ரிப் பொட்டலத்தோடு மாடி ஏறி வந்தான். என் தம்பி கையில் பலகாரம் இருந்தால் பின்னால் ஒரு வேலை இருக்கும். இருந்தது.

"அக்கா, மேல ஒரு கனெக்‌ஷன், கீழ ஒரு கனெக்‌ஷன் எதுக்கு? ஒண்ணு போதும். நீ மேல வெச்சு கீழ இழுத்துக் குடு. பிரிண்டர் பொதுவா இருக்கட்டும், ஃபைல் எல்லாம் ஒரே இடத்துல கிடக்கட்டும். நான் டி.வி.ல மேட்ச் பாக்கணும்."

"உன் பொண்டாட்டி கேட்டாளா?"

"அவ எங்க கேக்கப் போறா."

அதுதானே. அஸ்யா என்னோடு வாய் திறந்து பேசி ஒரு வருஷம் ஆகிறது. நான் கல்யாண வீடியோ எடுக்கும்போது பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தவள். கேமராவை எப்படிப் பிடிப்பது என்று நான் கற்றுக்கொடுத்தவள். தம்பிக்கு அவளைப் பேசி முடித்ததும் நான்தான், என் தலையெழுத்து. கல்யாணம் முடிந்த கையோடு தனியாகக் கடை போட்டாள். போடட்டும். ஆனால் போய் என்ன சொன்னாள்? "மைமூனா கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் குடுத்தா, கடைப் பசங்க எல்லாம் கல்யாண வீடியோவப் பாத்துட்டானுங்க."

மொம்பாசாவில் ஒரு வீடியோக்காரியைக் கொல்ல இது போதும். பெண்கள் மட்டும் கூடும் நாளில், முக்காடு இல்லாமல், முடியை விரித்துப் போட்டு ஆடுபவர்களை நான் எடுக்கிறேன். ஆண் கண் படாது என்ற ஒரே நம்பிக்கையில்தான் என்னை உள்ளே விடுகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரைக் கொடுப்பதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றி வைத்தேன். ஸ்க்ரூவைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டவளே அவள்தான்! தெரிந்தே சொன்னாள்.

தம்பியிடம் சரி என்றேன். அவனுக்கே ஆச்சரியம். கதவைத் தட்டாமல் அவள் வீட்டுக்குள் போக வேறு வழி ஏது?

ஜனவரி 15, புதன்

பவளக்கல் சுவர். தாத்தா காலத்து வீடு, சுவரே முழங்கை அகலம். மேலே வைஃபை வைத்தால் கீழே ஒரு கோடு கூட வராது. கேபிளைத்தான் இறக்க வேண்டும். காற்றுக்கு விட்டிருக்கும் திறப்பு வழியாக இறக்கினேன். கீழே அத்மான் பிடித்தான். அஸ்யா அடுப்படியில் துவரையைத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டபடி பாத்திரங்களைச் சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள். தூசி விழுந்திருக்கும். விழட்டும்.

ஜனவரி 18, சனி

முடிந்தது. மேலே ரூட்டர், கீழே அதன் குட்டி ஒன்று, நடுவில் என் கேபிள். அத்மானின் மடிக்கணினி, அஸ்யாவின் பெரிய கம்ப்யூட்டர், கூடத்து டி.வி., பிரிண்டர், எல்லாம் என் திரையில் வரிசையாகத் தெரிகிறது. யார் விழித்திருக்கிறார்கள், யார் எவ்வளவு இழுக்கிறார்கள், எல்லாம்.

ஒரு பொத்தானில் அவளுடைய வேகத்தைக் குறைக்கலாம். குறைத்தேன். ஏதோ ஒரு மணப்பெண்ணின் வீட்டுக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தாள் போல. கீழிருந்து "அத்மான்! உங்கக்கா குடுத்த இண்டர்நெட்டு நொண்டுது!" என்று கத்தல். மதியச் சாப்பாடு இத்தனை ருசியாக இருந்து ரொம்ப நாளாயிற்று.

வைஃபைக்குப் பெயர் வைக்கும் இடம் வந்தது. அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

போன மாதம் அவள் முற்றத்தில் காங்காத் துணியைக் காயப்போட்டாள். துணி ஓரத்தில் அச்சடித்த வரி சரியாக என் ஜன்னலைப் பார்த்து: பொறாமையில் வெந்து சாவு. மறுநாளே நான் கடைவீதியில் தேடிப்பிடித்துப் பதில் வரி போட்ட ஒன்றைக் கட்டிக்கொண்டு அவள் வாசல் வழியாக இரண்டு தடவை நடந்தேன். ஆனால் துணியில் அவரவருக்குத் தேவையான வரி கிடைக்குமா? கடைக்காரன் அச்சடித்ததுதான். வைஃபைக்கு நான் வைப்பதுதான் பெயர். முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல் ஏறாது. திட்டவும் அளவு வைத்திருக்கிறார்கள், பாவிகள்.

வைத்தேன்: பொய் சொன்ன வாய் எனக்குத் தெரியும்.

சந்து முழுக்க யார் போனைத் திறந்தாலும் முதல் வரி அதுதான்.

ஜனவரி 21, செவ்வாய்

பதில் வந்துவிட்டது! அவளுடைய போனின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைத்திருக்கிறாள். பெயர்: கூப்பிடாத வீட்டில் கேமரா எதற்கு.

நாயே. என்னை யாரும் கூப்பிடாம செஞ்சதே நீதானடி.

மாற்றினேன்: என் விளக்கைத் திருப்பிக் கொடு. (போகும்போது என் நல்ல விளக்கையும் தூக்கிக்கொண்டு போனவள்.)

ஜனவரி 24, வெள்ளி

சந்துப் பெண்களுக்கு இது சீரியல் ஆகிவிட்டது. எதிர்வீட்டு ரிசிக்கி மீன் வாங்க வந்த இடத்தில் போனை நீட்டி, "இன்னைக்கு உன்னோடது இன்னும் மாறலையே மைமூனா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறாள்.

சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். சிரிப்பவர்கள் யாரும் கேமராவை எடுத்துக்கொண்டு வா என்று கூப்பிடவில்லையே.

பிப்ரவரி 1, சனி

இன்று ஹுஸ்னா கல்யாணத்தின் பெண்கள் கூட்டம். அவள் பிறந்ததிலிருந்து நான் பார்த்த பிள்ளை. அவள் அக்காவை எடுத்தது நான். இவளை எடுக்க அஸ்யா போகிறாள், என் விளக்கோடு. ஹுஸ்னாவின் அம்மா ஸெய்னபு மாமிதான் அந்தப் பேச்சை முதலில் நம்பியது. தெருவில் என்னைப் பார்த்தால் முக்காட்டை இன்னும் இழுத்துக்கொள்கிறாள், என் கண்ணில் கேமரா இருப்பது போல.

ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

அல்லாவே! என்ன கிடைத்திருக்கிறது எனக்கு!

பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று நெட்வொர்க்கைத் திறந்து பார்த்தேன். வீட்டுக்குப் பொதுவாக ஒரே ஒரு ஃபோல்டர்தான் வைத்திருந்தேன், அத்மானின் காகிதங்களுக்கு. அதன் பக்கத்தில் இன்று புதிதாக இன்னொன்று: அஸ்யாவின் டிஸ்க். பூட்டு இல்லை. முழு டிஸ்க்கும் திறந்து கிடக்கிறது. ஹுஸ்னா, அவளுக்கு முன்னால் வந்தவள், அதற்கும் முன்னால் வந்தவள் என்று பெயர் பெயராக.

எப்படி என்று புரிந்துகொள்ள ரொம்ப நேரம் ஆகவில்லை. எடுத்த வீடியோவை அடுப்படியில் சமைத்துக்கொண்டே போனில் பார்க்க நினைத்திருப்பாள். ஒரு ஃபோல்டரை மட்டும் எப்படித் திறப்பது என்று தெரிந்திருக்காது. என்னைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. கேட்பாளா? எல்லோருக்கும் என்பதை அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

எல்லோருக்கும் என்றால் கூடத்து டி.வி.க்கும்தான்.

அடுத்த சனிக்கிழமை மேட்ச். அத்மானின் கூட்டாளிகள் எல்லோரும் அந்த டி.வி. முன்னால்தான் கிடப்பார்கள். அதில் ஒருவன் பக்கரி. ஹுஸ்னாவின் கொழுந்தன்.

நான் எதுவும் செய்யப் போவதில்லை. ஒரு விரலைக்கூட அசைக்கப் போவதில்லை. சும்மா இருக்கப் போகிறேன். அவள் என் மேல் போட்ட அதே சேற்றில், தானாகவே நடந்து போய், முகம் குப்புற விழட்டும். ஸெய்னபு மாமியும் சேர்ந்து.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்னும் திறந்துதான் இருக்கிறது. இன்று மூன்று தடவை பார்த்தேன். அவளுடைய வேகத்தைக்கூட முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எங்கேயும் தடங்கல் வரக்கூடாது.

வாசலில் என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். துப்பும்மா, துப்பு. சனிக்கிழமை வரைக்கும் துப்பு.

பிப்ரவரி 14, வெள்ளி

நாளைக்கு.

பிப்ரவரி 15, சனி

எழுத வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மேட்ச் ஆரம்பித்ததும் படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்தேன். மடியில் கம்ப்யூட்டர், பக்கத்தில் ரூட்டர். கீழே ஆம்பிளைக் கூச்சல், வறுத்த உருளைக்கிழங்கு வாசனை. அஸ்யா பின்கட்டில். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, பயத்தில் இல்லை, ஆசையில். உள்ளதைச் சொல்கிறேன்.

இடைவேளை வந்தது. யாரோ ரிமோட்டை நோண்டுகிறார்கள். பக்கரியின் குரல்:

"டேய் அத்மான், இதென்னடா உன் டி.வி.ல வரிசையா ஃபோல்டர் வருது? அஸ்யான்னு போட்டிருக்கு. கல்யாண வீடியோவா?"

"எது? தெரியலயே. ஏதாவது பழைய படமா இருக்கும்."

"போட்டுப் பாக்கவா?"

இதோ. இதற்குத்தானே காத்திருந்தேன்.

அப்போதுதான் அது உறைத்தது. ஒரு வருஷமாக நான் தலை நிமிர்ந்து நடப்பது எதை வைத்து? அது பொய் என்பதை மட்டும் வைத்து. மைமூனா வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் முடியைக்கூட ஒரு ஆண் பார்த்ததில்லை. என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். இந்தக் கேபிளை இழுத்தது யார்? நான். திறந்து கிடக்கிறது என்று தெரிந்தது யாருக்கு? எனக்கு. அவன் விரல் அந்தப் பொத்தானில் இறங்கினால் அஸ்யா சொன்னது நிஜமாகிவிடும். அவளைப் பொய்க்காரி என்று சொல்ல எனக்கு வாய் இருக்காது.

ரூட்டரின் வயரைப் பிடித்து இழுத்தேன். சுவரிலிருந்து பிளக்கோடு, கொஞ்சம் சுண்ணாம்போடு வந்தது.

கீழே ஒரே ஓலம். "போச்சுடா! செகண்ட் ஹாஃப்!" "அக்கா! என்ன பண்ற மேல!"

"எரிஞ்சு போச்சு! காப்பிக்கடைல போய்ப் பாருங்கடா!" என்று கத்தினேன். திட்டிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்கள், அத்மானும்தான்.

அவர்கள் சந்து முனை தாண்டியதும் இறங்கிப் போனேன். ஒரு வருஷம் கழித்து அவள் அறைக்குள். ரூட்டர் செத்திருந்தாலும் அந்தக் கம்ப்யூட்டரில் பகிர்ந்த அடையாளம் அப்படியே இருந்தது. பின்கட்டிலிருந்து அவளைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்னு உனக்குத் தெரியுமா? கூடத்து டி.வி.க்குத் தெரியும். பக்கரி பாத்துட்டான். படம் இல்ல, பேரு. இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தான்னா ஹுஸ்னா உன் கூடத்துல ஆடியிருப்பா."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். சத்தம் வராமல் அழுதாள். நான் குனிந்து அந்தப் பகிர்வை எடுத்துவிட்டேன். கை பழக்கத்தில் வேலை செய்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"போன சனிக்கிழமை."

"போன சனிக்கிழமையிலேருந்தா? பாத்துட்டு... சும்மாவா இருந்தீங்க, மைமூனாக்கா?"

அக்கா என்றாள். அது என்னைக் குத்தியது, அந்தக் கோபம்தான் அடுத்ததைப் பேச வைத்தது.

"அழாத. கேளு. ஸெய்னபு மாமி வீட்டுக்குப் போயி, அவங்க முகத்தப் பாத்து, டிஸ்க்கை முன்னாடியே கழட்டிட்டாங்க, நான்தான் ஸ்க்ரூவப் புடிச்சுக்கிட்டு நின்னேன்னு சொல்லு. அப்புறம் உன் போன். அதோட ஹாட்ஸ்பாட்டுல என் பேரு வரணும், நீ சொன்ன பொய்யும் வரணும். சந்து முழுக்கப் படிக்கணும். பெருநாள் முடியிற வரைக்கும் அது அணையக் கூடாது."

"சொல்லலேன்னா?"

"இன்னைக்கு நடந்தத நான் போய்ச் சொல்லுவேன். நான் சும்மா இருந்ததையும் சேத்துச் சொல்லுவேன். ரெண்டு பேருமா பட்டினி கிடப்போம்."

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் போனைத் திறந்தேன். பட்டியலில் இருந்தது.

மைமூனா மேல் நான் பொய் சொன்னேன்.

திரும்பத் திரும்பப் படித்தேன். ரிசிக்கி இரவு உடையோடு மாடி ஏறி வந்துவிட்டாள். "ஏய், இது நிஜமாவே அவளா வெச்சது? நீ அவ போனைத் திருடி வெக்கலையே?"

பழி தீர்ந்தால் இனிக்கும் என்று நினைத்திருந்தேன். இனிக்கத்தான் செய்கிறது. பொய் எதற்குச் சொல்ல வேண்டும்.

என்னுடையதை மாற்றினேன். வீடு என்று மட்டும் வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

நோன்பு. கல்யாணம் கிடையாது, வேலை கிடையாது. கீழிருந்து ஒரு தட்டு சம்புசா வந்தது, அத்மான் கையில். நான் வாங்கிக்கொண்டேன். தட்டைக் கழுவிக் காலியாகத்தான் திருப்பி அனுப்பினேன். எதுவும் போடவில்லை.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். தொழுகை முடிந்து வரும்போது ஸெய்னபு மாமி வழியில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முக்காட்டை இழுக்கவில்லை. "அஸ்யா வந்து ஸ்க்ரூ விஷயத்தச் சொன்னா. கடைசிப் பொண்ணுக்குக் கல்யாணம் ஏப்ரல்ல வெச்சிருக்கேன். நீ வா. அவளையும் கூட்டிட்டு வா, தனியா அவள நம்ப எனக்கு இனிமே முடியாது. நீ இருந்தா சரி."

நான் இருந்தால் சரி. என்னை நம்பி. நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன், புதுத்துணியெல்லாம் ஈரம்.

ஏப்ரல் 12, சனி

நல்ல கல்யாணம். விளக்கு வீட்டுக்கு வந்துவிட்டது. பிடித்தது அஸ்யா. "கொஞ்சம் இடது பக்கம்" என்றால் போதும், சரியாக வைக்கிறாள். வேறு பேச்சு இல்லை.

வாசலில் எல்லோருடைய போனையும் வாங்கிக் கூடையில் போடுகிற வேலையையும் அவளிடமே கொடுத்திருந்தேன். கொடுப்பதற்கு முன்னால் பெண்கள் கடைசியாக ஒருதடவை திறந்து பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்க்கிறார்கள். ஒருத்தி என்னிடம் வந்து கிசுகிசுத்தாள்: "அந்தப் பேரை இன்னுமா வெச்சிருக்கா?"

கூடையை எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய போன், அணைக்காமல்.

பெருநாள் எப்போதோ முடிந்துவிட்டது. அவளாக எடுக்கவில்லை. எடு என்று நானும் சொல்லவில்லை.